மெய்த் துப்பாக்கியும் போலித் துப்பாக்கியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இசையும் இலக்கியமும் முழங்க வேண்டிய இம்மேடையில், சிறுவர் நடனத்திற்கும் பட்டிமன்றத்திற்கும் இடையே, துப்பாக்கியைப் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். குற்றம் என்னுடையதன்று. "முப்பத்தைந்து ஆண்டுகள் எதனோடு பழகினீரோ, அதைப் பற்றியே பேசும், திருக்குறளைப் பற்றிப் பேச வேறு ஆள் இருக்கிறார்" என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டுவிட்டார்கள். படைக்கலப் பணிமனைகளில் சிறு ஆயுதங்களைப் பரிசோதித்தே வயிறு வளர்த்தவன் நான். ஒரு துப்பாக்கி சுடுமா, சுடாதா, சுட்டால் சுடுபவனையே சுடுமா என்று பார்ப்பதுதான் என் தொழில். இது மெய்யா, போலியா என்னும் கேள்வி அத்தொழிலின் ஓரத்தில் எப்போதாவது வந்து போகும். அந்த ஓரத்துக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்குக் காரணம் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு குடும்பம். அவர்கள் இசைவு பெற்றே பேசுகிறேன். பெயர் மட்டும் சொல்லேன்.

முதலில் நாம் வாழும் ஊருக்கு ஒரு வணக்கம். பிழைப்புக்காகத் தளேகாவுக்கு வந்த நம்மிற் பலருக்கு, இது ஒரு பெரும்போரின் நடுப்பக்கம் என்பது தெரியாது. இரகுநாதராவைப் பேஷ்வா பீடத்தில் அமர்த்துவதற்காகப் பம்பாயிலிருந்து புறப்பட்ட கும்பினிப் படை, மலைத்தொடரைக் கடந்து 1779ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் இவ்வூரை அடைந்தது. வழியில் கார்லாவில் அதன் கேப்டன் ஸ்டூவர்ட் மாண்டுபோனார். வந்த படைக்கு இங்கே உணவில்லை. மராட்டியர் ஊரைக் காலி செய்து, உதவக் கூடியவற்றையெல்லாம் எரித்துவிட்டிருந்தனர். இரண்டு நாள் தங்கிய படைத்தலைவர்கள் மனம் உடைந்து, 11ஆம் நாள் இரவில், கனத்த பீரங்கிகளை இங்கிருந்த ஏரியில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினர். மகாதஜி சிந்தியாவின் படை அவர்களை வடகாவில் வளைத்துக்கொண்டது. அவ்வாரமே பணிந்து உடன்படிக்கை செய்துகொண்டனர்.

இந்தப் பீரங்கிக் கதையை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வூர்க்கு வந்த புதிதில் நண்பர் ஒருவர், துணியில் பொதிந்த இரும்புக் குண்டு ஒன்றை என்னிடம் கொணர்ந்தார். "ஏரியில் எடுத்தது, 1779" என்றார். அவர் முகத்தில் இருந்த ஒளியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அக்காலத்துப் பீரங்கிக் குண்டுகள் 6 பவுண்டு, 9 பவுண்டு, 12 பவுண்டு என்று எடைக் கணக்கில் வார்க்கப்பட்டவை. பீரங்கிக்குப் பெயரே அக்கணக்கால்தான். தராசில் வைத்துப் பார்த்தேன். எந்தக் கணக்கிற்கும் அது வரவில்லை. மேலும், ஒரு சில்லுப் பெயர்ந்த இடத்தில் வார்ப்பிரும்பின் கரடுமுரடு இல்லை. இக்கால எஃகின் மெல்லிய பளபளப்பு இருந்தது. ஆலைகளில் கல்லையும் தாதுப்பொருளையும் பொடியாக்கும் உருளைக்குள் இடும் குண்டு அது. உண்மையைச் சொன்னேன். நண்பர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. போலியைப் போலி என்று சொல்பவனுக்கு இத்தொழிலில் கிடைக்கும் கூலி பெரும்பாலும் இதுவே.

இனி அக்குடும்பத்தின் செய்திக்கு வருகிறேன்.

குடும்பத்தின் மூத்தவர் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். இரண்டாம் உலகப்போரில் படைச் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தார். 1944இல் திமாப்பூரிலிருந்து கோஹிமா செல்லும் மலைச் சாலையில் லாரி ஓட்டினார். அந்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பானியர் கோஹிமாவை முற்றுகையிட்டதும், ஜூன் 22ஆம் நாள் 109ஆம் மைல்கல்லில் இரு பக்கத்துப் படைகளும் சந்தித்து இம்பாலுக்கு வழி திறந்ததும் வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். பெரியவர் அந்த வரலாற்றைப் பேசியதில்லை. அவர் பேசியதெல்லாம் சேற்றைப் பற்றியும், பிரேக்கைப் பற்றியும், தம் துப்பாக்கியைப் பற்றியும்தான். "என்னிடம் இருந்தது ஷார்ட் ரைபிள், பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டே ஓட்டுவேன்" என்பாராம். தெளிவாக நினைவிருந்த சொல் இது ஒன்றே. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

பேரன் இப்போது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரிகிறான். அங்கே பழைய போர்த் துப்பாக்கிகளைச் சட்டப்படி வாங்கலாம், விற்கலாம். தாத்தாவின் துப்பாக்கியைப் போன்ற ஒன்றைத் தன் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. குட்டையான போர்க்கால ரைபிள் எது என்று தேடியவன், ஆங்கிலேயர் காட்டுப் போருக்கென்று செய்த 'ஜங்கிள் கார்பைன்' என்பதைக் கண்டான். அதில் ஒன்று விற்பனைக்கும் வந்தது. உடன் ஒரு பத்திரம்: இது 1944இல் கோஹிமாப் போரில் இந்தியப் படைவீரர் ஏந்தியது என்று. விலையோ அவனது மூன்று மாதச் சேமிப்பு. பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்வோம் என்று தன் தந்தை வழியாக எனக்குப் படங்களை அனுப்பினான். தந்தையார் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது கேட்டது ஒன்றே: "ஐயா, இது எங்கள் அப்பா தொட்ட துப்பாக்கியாக இருக்கக் கூடுமா?"

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு விடை சொல்லக் கூடாது. விடையை எப்படித் தேடுவது என்பதை முதலில் சொல்கிறேன்.

தமிழறிந்த உங்களுக்கு ஓர் உவமை எளிதாக விளங்கும். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஒரு நூலைப் பதிப்பிக்கப் பல ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி, பாடபேதங்களை ஒப்புநோக்கி, எழுதுவோர் செய்த பிழை எது, புலவர் எழுதியது எது என்று பிரித்தெடுத்தார். துப்பாக்கிப் பரிசோதனையும் அத்தகையதே. துப்பாக்கியின் உடலெங்கும் எழுத்துகள் உண்டு. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எந்த மாதிரி, எந்த வரிசை எண், யார் சோதித்தார் என்பவை யாவும் சிறு சிறு முத்திரைகளாகப் பதிந்திருக்கும். ஒரே வரிசை எண் உடற்பகுதியிலும், குழலிலும், போல்ட்டின் கைப்பிடியிலும், முன்மூக்கிலும் வரும். ஒன்றையொன்று ஒத்துச் சொல்லுமானால் மகிழ்ச்சி. ஒவ்வாவிட்டால் உடனே போலி என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நாற்பது ஆண்டு உழைத்த ஆயுதம் பலமுறை பணிமனைக்கு வந்து போயிருக்கும். உடைந்த போல்ட்டுக்கு வேறு போல்ட்டு, வெடித்த கட்டைக்கு வேறு கட்டை மாற்றியிருப்போம். அது நேர்மையான பழுது. உண்மையைச் சொல்லப்போனால், எல்லா எண்களும் ஒன்றுபோல ஒத்து, எல்லா எழுத்தும் ஒரே புதுமையோடு மின்னும் துப்பாக்கியைக் கண்டால்தான் எனக்கு ஐயம் மிகும்.

எழுத்தைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் புதிய எண்ணை அடித்திருந்தால், அவ்விடத்தில் இரும்பு சற்றுக் குழிந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தக் குழி நிழல் காட்டும். தொழிற்சாலையில் முத்திரை அடித்த பின்புதான் மேற்பூச்சு ஏறும். ஆகவே எழுத்தின் அடியிலும் அந்தக் கறுப்பு இருக்கும். பின்னாளில் அடித்த எழுத்தின் விளிம்பில் வெள்ளை இரும்பு சிரிக்கும். இதையும் மறைக்கக் கற்றவர்கள் உண்டு என்றாலும், அவர்கள் தொகை குறைவு.

போலித் துப்பாக்கியின் கதையில் நம் நாட்டின் பழைய வடமேற்கு எல்லைக்கு ஒரு தனி இடம் உண்டு. இன்று பாகிஸ்தானில் உள்ள கைபர் கணவாய்ப் பகுதியிலும், கோஹாட்டிற்கு அருகிலுள்ள தர்ரா ஆதம்கேல் என்னும் ஊரிலும், பட்டாணியக் கம்மியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே துப்பாக்கி செய்துவந்தனர். மார்ட்டினி-ஹென்றியாயினும் லீ-என்பீல்டாயினும், கைக்கு வந்த ஆங்கிலத் துப்பாக்கி ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு, அரமும் கைத்துளைக் கருவியும் கொண்டு அப்படியே இழைத்துவிடுவார்கள். அவர்கள் கைத்திறனை நான் இகழேன். பழைய தண்டவாள இரும்பிலிருந்து ஒரு ரைபிளை இழைப்பவனைத் தொழிலாளி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இரும்பின் தரமும் அதைப் பதப்படுத்தும் முறையும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. இராணுவத் தோட்டாவின் அழுத்தத்தை அவ்விரும்பு எப்போதும் தாங்கும் என்று நம்ப முடியாது. ஆகையால் அவற்றைச் சுட்டுப் பார்ப்பது அறிவுடைமையாகாது.

முத்திரையையும் அவர்கள் விடவில்லை. ஆனால் ஆங்கில எழுத்தை அவர்கள் எழுத்தாக அறியார். சித்திரமாக மட்டுமே அறிவார். பொருளறியாமல் ஏட்டைப் படியெடுத்தவனைப் போல வடிவை மட்டும் வரைந்தார்கள். அதனால் 'என்பீல்டு' என்னும் பெயரில் 'என்' எழுத்து இடவலம் மாறித் திரும்பி நிற்கும். ஓர் எழுத்து விட்டுப்போகும், ஓர் எழுத்துத் தலைகீழாகும். இவற்றினும் சுவையானது மகுடத்தின் கீழுள்ள அரசரின் பெயரெழுத்து. விக்டோரியா அரசியின் 'வி. ஆர்.' என்னும் எழுத்துகள் 1901 ஜனவரியில் அவர் மறைந்ததோடு நின்றுவிட்டன. அதன்பின் எட்வர்டின் 'ஈ. ஆர்.', பின்னர் ஜார்ஜின் 'ஜி. ஆர்.', இந்தியாவில் செய்யப்பெற்றவற்றுக்குப் பேரரசர் என்பதைக் குறிக்கும் 'ஐ' எழுத்தும் சேர்ந்து 'ஜி. ஆர். ஐ.' ஆயிற்று. ஆனால் எல்லைப்புறத்துக் கம்மியனுக்கு அரசி இறந்த செய்தி எட்டவில்லை போலும்! 1907இல்தான் பிறந்த மாதிரித் துப்பாக்கியில், 1910க்குப் பிந்தைய ஆண்டைப் பொறித்து, மேலே விக்டோரியாவின் பெயரையும் பொறித்துவைப்பான்.

இத்தகைய துப்பாக்கி ஒன்றை நானே பார்த்தேன். ஒரு படைப்பிரிவின் உணவகச் சுவரில், "1919 ஆப்கானியப் போரில் பழங்குடியினரிடம் கைப்பற்றிய என்பீல்டு ரைபிள்" என்ற பித்தளைத் தகட்டின்மேல் அது தொங்கியது. இறக்கிப் பார்த்தேன். 'என்' எழுத்துத் திரும்பி நின்றது. 1916 என்ற ஆண்டுக்கு மேல் விக்டோரியாவின் பெயர். இளம் அதிகாரி ஒருவர் முகம் வாடி, "அப்படியானால் இதை எடுத்துவிட வேண்டியதுதானா?" என்று கேட்டார். சற்றே எண்ணிப் பார்த்தேன். பழங்குடியினரிடம் கைப்பற்றியது என்பதுதான் கதை. அவர்களிடம் இருந்தது அவர்கள் செய்த துப்பாக்கியாக இருப்பதில் வியப்பென்ன? பளிச்சென்ற மெய்யான என்பீல்டாக இருந்திருந்தால்தான், இது களத்திலிருந்து வந்ததா, பண்டகசாலையிலிருந்து வந்ததா என்று கேட்க வேண்டியிருக்கும். பின்னாளில் யாரோ கடைவீதியில் வாங்கிவந்தது என்று சொல்லவும் இடமுண்டு. அதை மறுக்க என்னிடம் சான்றில்லை. ஆயினும் இரும்பு தகட்டை மறுக்கவில்லை. 'என்பீல்டு' என்ற ஒரு சொல்லை நீக்கி, 'எல்லைப்புறத்தில் செய்யப்பெற்ற' என்று மாற்றினால் போதும் என்றேன். போலி என்பது பொருளைப் பற்றிய சொல் அன்று, பொருளைப் பற்றி நாம் சொல்லும் கதையைப் பற்றிய சொல் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

இதே நோக்கோடு பேரன் அனுப்பிய படங்களை எடுத்துக்கொண்டேன்.

ஜங்கிள் கார்பைன் என்பது சந்தையில் வழங்கும் பெயர். படையில் அதன் பெயர் 'ஐந்தாம் எண் ரைபிள், முதல் மாதிரி'. இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலக் காலாட்படைக்கு வழங்கிய நான்காம் எண் ரைபிளைக் குறுக்கி, எடை குறைத்துச் செய்தார்கள். நான்காம் எண்ணின் குழல் 25 அங்குலத்திற்குச் சற்று மேல். ஐந்தாம் எண்ணின் குழல் 19 அங்குலத்திற்குள். முனையில் புனல் போன்ற ஒரு தீமறைப்பு. அடிக்கட்டையில் ஒரு ரப்பர் மெத்தை. எடை 9 பவுண்டிலிருந்து ஏறக்குறைய 7 பவுண்டாகக் குறைந்தது. எடை குறைந்தால் உதை மிகும் என்பது இயற்கையின் கணக்கு. அந்தச் சிறு ரப்பர் மெத்தை தோளுக்கு ஆறுதலாக இருந்ததென்று சொன்னவர் எவரையும் நான் கண்டதில்லை. குறி ஓரிடத்தில் நில்லாமல் அலைகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. 1944இல் செய்யத் தொடங்கி 1947இல் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் இரண்டரை இலட்சம் அளவில் செய்யப்பட்டன. இவை முழுவதும் இங்கிலாந்தில் இரண்டே இடங்களில் பிறந்தவை: லிவர்ப்பூலை அடுத்த ஃபசாக்கர்லி அரசுத் தொழிற்சாலை ஒன்று, பர்மிங்காமை அடுத்த ஷர்லியில் பி. எஸ். ஏ. நிறுவனத்தின் தொழிற்சாலை மற்றொன்று. போருக்குப்பின் மலேயாவில் நடந்த காட்டுப் போரில்தான் அது மிகுதியாகப் பயன்பட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம்மவர் பலரும் ரோந்துப் படையினர் தோளில் அதைப் பார்த்திருப்பார்கள்.

போர் முடிந்ததும் நான்காம் எண் ரைபிள்கள் மலைபோல் மிஞ்சின, விலை மலிந்தது. ஐந்தாம் எண்ணுக்கோ அமெரிக்காவில் விருப்பம் மிகுந்தது. ஆகவே நான்காம் எண்ணின் குழலை வெட்டி, புனலைப் பொருத்தி, கட்டையைக் குறைத்து ஜங்கிள் கார்பைன் போல ஆக்கினர். இதை வெளிப்படையாகத் தம் பெயரிலேயே செய்து விற்ற வணிகர்கள் உண்டு. அவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. நம் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் 7.62 தோட்டாவுக்கென்று செய்த '2ஏ1' ரைபிளைக் கூட வெட்டி, 'ஏழாம் எண் ஜங்கிள் கார்பைன்' என்று பெயர் சூட்டி அமெரிக்காவில் கிப்ஸ் என்னும் நிறுவனம் விற்றது. எந்தப் போரும் காணாத போர்த்துப்பாக்கி! ஆனால் இப்படி வெட்டப்பட்டது மூன்றாம் கை, நான்காம் கை மாறும்போது 'வெட்டியது' என்ற சொல் எங்கோ உதிர்ந்துபோகிறது. அதனிடத்தில் ஒரு பத்திரம் முளைக்கிறது.

படத்தைப் பார்த்தேன். உடற்பகுதியின் இடப்பக்கத்தில், மின்னெழுதுகோலால் எழுதும் ஃபசாக்கர்லி வழக்கப்படியே, ஐந்தாம் எண், முதல் மாதிரி, ஃபசாக்கர்லி, 5/45 என்றிருந்தது. 1945ஆம் ஆண்டு மே மாதம். பேரன் இதைச் சிறப்பென்று எண்ணி வட்டமிட்டு அனுப்பியிருந்தான். ஆனால் கோஹிமாப் போர் 1944 ஜூனோடு முடிந்துவிட்டதே! 1945 மே மாதத்தில் பிறந்த துப்பாக்கி 1944இல் எப்படிப் போரிடும்? பத்திரம் அங்கேயே விழுந்துவிட்டது. இதற்கு இரும்பறிவு தேவையில்லை, நாட்காட்டி போதும்.

பத்திரம் பொய்யானாலும் துப்பாக்கி மெய்யாக இருக்கலாம் அல்லவா? அதையும் பார்த்தேன். போல்ட்டின் கைக்குமிழ் முழுக் குமிழாக இருந்தது. மெய்யான ஐந்தாம் எண்ணில் எடை குறைக்க அக்குமிழின் உள்ளே துளையிட்டிருப்பார்கள். ஆனால் போல்ட்டு மாற்றக் கூடியது. நானே எத்தனையோ மாற்றியிருக்கிறேன். ஆகையால் இதை ஓர் ஐயமாகக் குறித்துக்கொண்டேன்; தீர்ப்பாகக் கொள்ளவில்லை. பின்குறியில் 800 கெஜம் வரை எண்கள் இருந்தன. ஐந்தாம் எண்ணுக்கு அது சரி. நான்காம் எண்ணில் 1300 வரை போகும். இதுவும் மாற்றக் கூடியதே. ஆகவே அதையும் நான் நன்மதிப்பாகக் கொள்ளவில்லை. கழற்றி மாட்டக் கூடியவை எல்லாம் சாட்சிக் கூண்டில் இரண்டாம் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கழற்ற முடியாதது உடற்பகுதி. ஐந்தாம் எண்ணுக்கென்று அதைக் கடையும்போதே, பல இடங்களில் இரும்பைச் செதுக்கி எடுத்திருப்பார்கள். குழலின் அடியில், உடலோடு சேரும் தடித்த பகுதியிலும் அவ்வாறே செதுக்கியிருப்பார்கள். அது மேற்கட்டையின் கீழே மறைந்திருக்கும். நான்காம் எண்ணை வெட்டிச் செய்பவன் வெளியே தெரியும் குழலை வெட்டுவான், புனலை மாட்டுவான். உள்ளே மறைந்த செதுக்கலைச் செய்ய அவனுக்குப் பொறியும் இல்லை, பொறுமையும் இல்லை. "மேற்கட்டையை அகற்றிக் குழலின் அடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்" என்று பேரனுக்குச் சொல்லியனுப்பினேன்.

விற்பவர் முதலில் தயங்கினார். நான்கு நாள் கழித்துப் படம் வந்தது. குழலின் அடி உருண்டு திரண்டு, ஒரு செதுக்கலும் இன்றி நின்றது. உடற்பகுதியின் பக்கங்களும் அப்படியே. மின்னெழுத்து இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பழைய எழுத்தைத் தேய்த்த ஆழமற்ற குழி. பத்திரத்தைக் குறி மறுத்தது. குறியை இரும்பு மறுத்தது. அது நான்காம் எண் ரைபிள். எங்கோ ஒரு பட்டறையில் குறுக்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டது. விற்றவரே அறிந்து செய்தாரா, அறியாமல் வாங்கி ஏமாந்தாரா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. அது என் கேள்வியும் அன்று.

செய்தியைத் தந்தையாரிடம் சொன்னேன். அவர் பணம் தப்பியது என்று மகிழ்வார் என எதிர்பார்த்தேன். மகிழவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் அப்பா சொன்னதும் பொய்தானா? குட்டைத் துப்பாக்கி 1944இல் இல்லையென்றால், அவர் எதைச் சொன்னார்?" என்று கேட்டார். துப்பாக்கியைப் பற்றிய ஐயம் தந்தையைப் பற்றிய ஐயமாக மாறிவிட்டது. எனக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இரும்புக் குண்டு நண்பரின் இரண்டு மாத மௌனத்தைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பெரியவர் சொன்னதாகச் சொல்லப்பட்ட சொல்லை மீண்டும் எண்ணிப் பார்த்தேன். அவர் 'குட்டை' என்று சொல்லவில்லை. 'ஷார்ட்' என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அன்பர்களே, இந்தியப் படைவீரர் பெரும்பாலோர் இரண்டாம் உலகப்போர் முழுவதும் ஏந்தியது பழைய .303 லீ-என்பீல்டு. 1926இல் அதற்கு 'முதலாம் எண் ரைபிள்' என்று பெயரிட்டார்கள். அதற்கு முன் அதன் முழுப்பெயர் 'ஷார்ட் மாகசீன் லீ-என்பீல்டு'. முந்தைய நெட்டை லீ-என்பீல்டின் குழல் 30 அங்குலம். இதன் குழல் 25 அங்குலம். காலாளுக்கு ஒன்று, குதிரைவீரனுக்கு ஒன்று என்று இரண்டு நீளம் வைத்திருந்ததை ஒழித்து, இருவர்க்கும் பொதுவாக இடைநிலையில் ஒன்று செய்தார்கள். 'ஷார்ட்' என்னும் சொல் அங்கே பிறந்தது. முதல் உலகப்போர்க் காலத்தவற்றின் உடலில் 'ஷார்ட் எல். இ.' என்பதன் சுருக்கம் முத்திரையாகவே அடிக்கப்பட்டிருக்கும். பெயரை மாற்றினாலும் சிப்பாய் வாய் மாறுமா? 44 அங்குல நீளமுள்ள அந்தத் துப்பாக்கியை அவர்கள் ஷார்ட் என்றே சொல்லிவந்தார்கள். பெரியவர் சொன்னது நீளத்தை அன்று, பெயரை. பேரன் காதில் அது நீளமாக விழுந்தது.

அதை நிறுவவும் வேண்டுமே. "அப்பாவின் படம் ஏதேனும் உண்டா?" என்று கேட்டேன். அம்மையார் பூசை அலமாரியிலிருந்து, கை அகலமுள்ள ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துவந்தார்கள். லாரியின் முன்னே நான்கு இளைஞர், இடக்கோடியில் பெரியவர், தரையில் ஊன்றிய துப்பாக்கி அவர் பக்கத்தில். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நான்காம் எண்ணாக இருந்தால் குழலின் முனை கட்டையைத் தாண்டி விரல் நீளம் வெளியே நீட்டும். ஐந்தாம் எண்ணாக இருந்தால் புனல் தெரியும். இந்த முதலாம் எண்ணுக்கோ முனை தட்டையாக, நாய்க்குட்டி மூக்குப் போல முடிந்துவிடும். குழல் வெளியே எட்டிப் பார்ப்பதே அரிது. படத்தில் இருந்தது அந்தத் தட்டை மூக்கு. ஐயத்திற்கு இடமில்லை. அம்மையாரிடம் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். அவர்கள் துப்பாக்கியைப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாமனாரின் இளமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் துப்பாக்கி அருமையானதா என்றால், இல்லை. நம் நாட்டில் மேற்கு வங்கத்து இஷாப்பூரிலேயே அது இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது. நாடு குடியரசானபின் மகுடமும் ஜி. ஆர். ஐ.யும் மறைந்து அசோகச் சிங்கம் அதன்மேல் ஏறிற்று. இராணுவம் கைவிட்ட பின்னரும் காவல்துறையில் நெடுங்காலம் உழைத்தது. 2008இல் மும்பை ரயில் நிலையத்தில் கொலைகாரர்களை எதிர்த்து நின்ற ரயில்வேக் காவலர்களிடம் இருந்ததும் அதுவே. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பில்தான் அதற்கு விடைகொடுத்தது. அதன் தோட்டாக்கள் நமக்கு அண்டைவீட்டுப் பிள்ளைகள், 'கே. எஃப்.' என்று அடியில் பொறித்தவை இதோ இந்தக் கிர்க்கியில், நாம் லோக்கல் ரயிலில் கடந்து செல்லும் தொழிற்சாலையில் வார்த்தவை. கோஹிமாச் சாலையில் பெரியவர் இடுப்பில் கட்டியிருந்த தோட்டாக்களில் சில இங்கிருந்தே போயிருக்கவும் கூடும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். இதைக் கேட்டுவிட்டு யாரும் இங்கே அதைத் தேடி அலைய வேண்டா. நம் நாட்டில் .303 தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விளையாட்டன்று. சுடும் நிலையில் உள்ள பழந்துப்பாக்கியைப் பாட்டன் சொத்து என்று பரண்மேல் வைத்திருப்பதும் குற்றமே. அப்படி எதையேனும் உங்கள் ஊர் வீட்டில் கண்டால் தொடாமல் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். பழம்படைக்கலங்களைக் காண விரும்பினால் புனேயில் ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

பேரன் ஜங்கிள் கார்பைனை வாங்கவில்லை. இப்போது 1942, 1943ஆம் ஆண்டு இட்ட இஷாப்பூர் ரைபிள் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறான். விலை மிகக் குறைவு என்று அவனுக்குச் சற்று ஏமாற்றம். வாரம் ஒருமுறை படங்கள் வருகின்றன. இதுவரை வந்தவற்றுள் மூன்றை வேண்டா என்று சொல்லிவிட்டேன். ஒன்றில் முத்திரை தேய்ந்திருந்தது. ஒன்றில் கட்டை புதிது. மூன்றாவதற்கு மீண்டும் ஒரு பத்திரம் இணைத்திருந்தார்கள்.

பெரியவரின் புகைப்படம் இன்று இவ்வரங்கின் பின்புறத்து மேசையில், சங்கத்தின் பழைய மலர்களுக்கு நடுவே வைக்கப்பெற்றிருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியும் பக்கத்திலேயே இருக்கிறது. தேநீர் வேளையில் பார்க்கலாம். இடக்கோடியில் நிற்பவர். அவர் கைப்பக்கம் குழலின் முனையைப் பாருங்கள்.